முதிர்ந்த எண்ணெய்ச் சொத்துகளின் பயனும் செலவும்: சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

பெற்றோலியப் பொருளியலில் முதிர்ந்த வயல் என்பது, உற்பத்தியின் உச்சத்தைக் கடந்து, ஆண்டுக்காண்டு விளைவு குறைந்துவரும் எண்ணெய் வயலைக் குறிக்கும். அத்தகைய வயலில் கிணறுகளும் குழாய்களும் பிரிப்பு நிலையங்களும் வீதிகளும் முன்னரே அமைக்கப்பட்டுவிட்டமையால் புதிய முதலீட்டின் தேவை குறைவாக இருக்கும். ஆனால் அவற்றைப் பேணும் செலவு உற்பத்தியோடு சேர்ந்து குறைவதில்லை. ஒரு வயலின் உற்பத்தி ஆண்டுக்கு 8 வீதம் வீழ்ச்சியடைகிறது எனக் கொண்டால், எட்டு ஒன்பது ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். பராமரிப்புச் செலவு மாறாதிருப்பின் ஒவ்வொரு பீப்பாய்க்கும் விழும் செலவு அதே காலத்தில் இரட்டிப்பாகும். எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் நீரின் பங்கு கூடிக்கொண்டே போவது இன்னொரு சுமை. அப்பங்கு 90 வீதத்தை எட்டும்போது, ஒரு பீப்பாய் எண்ணெயைப் பெறுவதற்கு ஒன்பது பீப்பாய் நீரை மேலேற்றி, பிரித்து, மீண்டும் நிலத்தடிக்குள் செலுத்த வேண்டியிருக்கும். வருமானம் இவ்வாறு இயங்கு செலவுக்குச் சமமாகும் புள்ளியே பொருளாதார எல்லை எனப்படுகிறது.

அந்த எல்லையைத் தள்ளிப்போடும் வழிகள் உள்ளன. பாறையடுக்கில் நீரைச் செலுத்தி அழுத்தத்தைக் காப்பது, இருக்கும் கிணறுகளுக்கிடையே புதிய கிணறுகளைத் தோண்டுவது, பழைய கிணற்றைத் திறந்து பழுதுபார்ப்பது, நீரில் பல்பகுதியங்களைக் கலந்து எண்ணெயை நகர்த்துவது ஆகியன அவற்றுள் முதன்மையானவை. உலகச் சராசரியில் ஒரு வயலிலுள்ள எண்ணெயின் மூன்றில் ஒரு பங்கு அளவே வெளியே எடுக்கப்படுவதால், முதிர்ந்த வயலில் எஞ்சி நிற்பது எடுக்கப்பட்டதைவிடப் பெரிது. இந்தியாவின் மும்பை ஹை வயல் இதற்கு நல்ல சான்று. 1974 இல் கண்டறியப்பட்ட அவ்வயல் 1980களின் பிற்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 20 மில்லியன் டன் அளவை எட்டி, பின்னர் வீழ்ச்சியடைந்தது. 2000க்குப் பின் மேற்கொள்ளப்பட்ட மீள்விருத்தித் திட்டங்களே அதன் வீழ்ச்சியை மட்டுப்படுத்தின. 2025 சனவரியில் அவ்வயலுக்கான தொழினுட்பச் சேவை வழங்குநராகப் பி.பி. நிறுவனத்தை, வயலை இயக்கும் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் தெரிவு செய்தமையும் அதே முயற்சியின் தொடர்ச்சியாகும்.

ஆயின் முதிர்ச்சி என்பதை வயதோடு மட்டும் பொருத்திப் பார்ப்பது போதாது. அசாமின் திக்பாயில் 1889 இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1901 இல் அங்கு தொடங்கப்பட்ட சுத்திகரிப்பு ஆலை, பலமுறை புதுப்பிக்கப்பட்டு, இன்றும் இயங்குகிறது. இதற்கு நேர்மாறாக, காவிரிப் படுகையின் கடற்பகுதியில் பி.வை.-3 எனப்படும் வயல் 1997 இல் உற்பத்தியைத் தொடங்கி, இலேசான, தரமான எண்ணெயைத் தந்துகொண்டிருந்தபோதே, 2011 யூலையில் நின்றுபோனது. அங்கு பயன்படுத்தப்பட்ட மிதக்கும் உற்பத்திக் கலத்துக்கான ஒப்பந்தம் முடிவுற, பங்காளிகளிடையே அடுத்த கட்டம் பற்றிய இணக்கம் உரிய வேளையில் ஏற்படவில்லை. நூறாண்டைக் கடந்த ஆலை ஓடுவதும், பதினான்கு ஆண்டு வயதுடைய வயல் மூடப்படுவதும் ஓர் உண்மையைச் சுட்டுகின்றன. எண்ணெய்ச் சொத்தின் செலவை அதன் வயதைவிட அது வாளாவிருந்த காலமே கூடுதலாக உயர்த்துகிறது. இக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்குத் திருகோணமலையின் சீனக்குடாவைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் இல்லை.

இலங்கையில் உற்பத்தி செய்யும் எண்ணெய் வயல் எதுவும் இல்லை. 1970களின் நடுப்பகுதியில் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் தோண்டப்பட்ட கிணறுகள் வணிகப் பயனுள்ள எண்ணெயைத் தரவில்லை. 2003 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் பின்னர், மன்னார்க் கடற்படுகையில் கெயின் நிறுவனம் 2011 இல் டொராடோ, பரகுடா ஆகிய இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டறிந்தது. ஆயினும் அந்நிறுவனம் பின்னர் விலகிக்கொள்ள, வாயு நிலத்தடியிலேயே தங்கிவிட்டது. ஆகவே இலங்கையின் பெற்றோலியத் துறையில் முதிர்ந்த சொத்து எனச் சொல்லத்தக்கவை, திருகோணமலைத் துறைமுகத்தின் மேற்குப் புறத்தில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களே. குதம் என்பது இங்கு எண்ணெயைச் சேமிக்கும் பெரும் உருக்குத் தாங்கியைக் குறிக்கும். வயலுக்குப் பாறையடுக்கு எப்படியோ அப்படியே குதத்துக்கு அதன் கொள்ளளவு. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: முன்னோர் செலவிட்ட முதலைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த ஒரு டன்னைப் பயன்படுத்த இன்று எவ்வளவு செலவாகும்?

கடற்படைத் தேவையில் பிறந்த கொள்ளளவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியது. வேகம், ஆட்சிக்கனம், கடலிலேயே எரிபொருள் நிரப்பும் வசதி ஆகியவை எண்ணெயின் நன்மைகளாக இருந்தபோதிலும், வேல்ஸ் பகுதியில் நிலக்கரியைத் தாராளமாகக் கொண்டிருந்த பிரித்தானியாவிடம் எண்ணெய் இருக்கவில்லை. 1914 இல் பிரித்தானிய அரசு ஆங்கிலோ-பேர்சியன் எண்ணெய்க் கம்பனியின் 51 வீதப் பங்கை வாங்கியதற்கு இதுவே காரணம். பாரசீக எண்ணெய் கையில் கிடைத்த பின்னர், அதைக் கப்பல்கள் செல்லும் வழியெங்கும் சேமித்து வைப்பது அடுத்த தேவையாயிற்று. சிங்கப்பூரைக் கீழைத்தேயத்தின் முதன்மைக் கடற்படைத் தளமாக்கும் திட்டம் உருவான இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், ஆழமும் நிலம் சூழ்ந்த காப்பும் ஒருங்கே வாய்ந்த திருகோணமலை, அவ்வழியின் தரிப்பிடங்களுள் ஒன்றாகத் தெரிவாகியது. சீனக்குடாவின் குதங்கள் அத்திட்டத்தின் விளைவாகவே எழுந்தன.

ஒவ்வொரு குதமும் சுமார் 12,000 டன் எண்ணெயைக் கொள்ளும்; இன்று எஞ்சியுள்ளவை 99. அவை துறைமுகத்தை ஒட்டிய கீழ்த் தொகுதி, உட்புறத்துக் காட்டிலுள்ள மேல்தொகுதி என இரண்டாகப் பிரிந்து, 800 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் பரந்திருக்கின்றன. ஒரு குதத்துக்குச் சராசரியாக எட்டு ஏக்கர் எனும் இந்தத் தாராளம் ஒரு போர்க் கணக்கீடே. குதங்கள் நெருங்கி நின்றால் ஒரு குண்டு பலவற்றை எரிக்கும். தள்ளித் தள்ளி நின்றால் ஒன்றை இழந்தாலும் மற்றவை தப்பும். வணிக நோக்கில் குதங்களை அமைப்பவர் இதற்கு நேரெதிராகச் செய்வார்; குழாய்களின் நீளத்தையும் காவல் செலவையும் குறைப்பதற்காகத் தீயணைப்பு விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு அவற்றை நெருக்கமாகவே வைப்பார். இன்றைய மீட்புச் செலவில் ஒரு பகுதி, நூற்றாண்டுக்கு முந்திய அந்தப் பாதுகாப்புக் கணக்கிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டு அத்தொகுதியை மதிப்பிட முடியாது.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி அந்தக் கணக்கு சோதனைக்குள்ளாயிற்று. பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர், இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்த யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் அன்று திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடற்பரப்பில் ஹேர்மிஸ் எனும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. தாக்குதலின்போது ஒரு யப்பானிய விமானம் 91 ஆம் இலக்கக் குதத்தின்மீது மோதியதில் அது தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. அதன் உருகிய உருக்குத் தகடுகள் இன்றும் அவ்விடத்தில் கிடக்கின்றன. சுற்றியிருந்த குதங்கள் தப்பின. இடைவெளிக்காக ஏற்கப்பட்ட செலவு அன்று பலன் தந்தது.

வாளாவிருந்த தசாப்தங்கள்

1948 இல் சுதந்திரம் கிடைத்த பின்னரும் திருகோணமலைத் தளம் பிரித்தானியாவின் கையிலேயே இருந்தது; எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசின் காலத்தில், 1957 ஒக்டோபரில், அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கடற்படை வெளியேறியதும் குதங்களை எந்தத் தேவைக்காகக் கட்டினார்களோ அந்தத் தேவை மறைந்தது. 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம், ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் ஆகிய கம்பனிகளின் விநியோகச் சொத்துகளைப் பொறுப்பேற்றது. நட்டஈடு பற்றிய பிணக்கினால் 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அக்காலத்தில் நாட்டின் எரிபொருள் அமைப்பு கொழும்பையே மையமாகக் கொண்டு வளர்ந்தது. கொழும்புத் துறைமுகம், கொலன்னாவைக் குதங்கள், 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் என ஒரு சங்கிலி உருவாயிற்று. நாளொன்றுக்கு 38,000 பீப்பாய்க் கொள்ளளவுடன் தொடங்கிய அந்நிலையம் மேற்குக் கரையில் அமைந்தமை, கிழக்கின் 99 குதங்களையும் தேசிய வலையமைப்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. பிற்கால அரசியல் சர்ச்சைகளைவிட, இந்த 1960களின் இடத்தெரிவே சீனக்குடாவின் விதியைத் தீர்மானித்த முதற்காரணம் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

அரசியல் காரணங்கள் அதன்மேல் வந்து படிந்தன. 1980களின் முற்பகுதியில் குதங்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடும் முயற்சி நடந்தபோது, அமெரிக்கக் கடற்படைக்குத் திருகோணமலை திறந்துவிடப்படுமோ என்ற ஐயம் புதுடில்லியில் எழுந்தது. 1987 யூலை 29 இல் கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், குதங்களைச் சீர்செய்து இயக்கும் பணி இரு நாடுகளின் கூட்டுமுயற்சியாக மேற்கொள்ளப்படும் என்ற வாசகம் இடம்பெற்றது. அவ்வாசகம் வேறெவரும் அங்கு நுழைவதைத் தடுத்தது. ஆனால் ஒரு குதத்தைக்கூட இயங்கச் செய்யவில்லை. போர் தொடர்ந்தது, காடு வளர்ந்தது, உருக்குத் தகடுகள் பருவமழையில் நனைந்தன. 1957 க்கும் 2003 க்கும் இடைப்பட்ட நாற்பத்தாறு ஆண்டுகள் அத்தொகுதியின் பெரும்பகுதிக்கு வெறும் காத்திருப்பாகவே கழிந்தன.

ஒரே களத்தில் இரு விளைவுகள்

2003 பெப்ரவரியில், இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. யுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு, ஆண்டுக்கு ஒரு இலட்சம் அமெரிக்க டொலர் வாடகையில் 35 ஆண்டுகளுக்குக் குதங்களை வழங்குவதாக அமைந்தது. திக்பாய் ஆலையை நடத்தும் அதே இந்தியன் ஒயிலே இங்கும் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. நடைமுறையில் அந்நிறுவனம் கீழ்த் தொகுதியை மட்டுமே சீர்செய்து இயக்கியது. அதன்மூலம் நாட்டின் ஒரு பகுதிக்கான எரிபொருள் விநியோகமும், கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் தொழிலும், உராய்வு நீக்கி எண்ணெய்க் கலப்பு ஆலையும் திருகோணமலையில் நிலைபெற்றன. மேல்தொகுதி மரங்களுக்கிடையே முன்போலவே நின்றது.

ஒரே காலத்தில், ஒரே பொறியியலாளர்களால், ஒரே உப்புக்காற்றில் எழுப்பப்பட்ட இவ்விரு தொகுதிகளும் 2003 க்குப் பின் இருவேறு பாதைகளில் சென்றமை, ஆய்வாளருக்கு இயல்பாகவே அமைந்த ஓர் ஒப்பீடாகும். எண்ணெய் நிரம்பிய குதத்தின் உட்சுவரில் படியும் எண்ணெய்ப் படலம் உருக்கைத் துருவிலிருந்து காக்கிறது. அடித்தட்டில் தேங்கும் நீர் அவ்வப்போது வடிக்கப்படுகிறது. வெளிப்புறம் வர்ணம் பூசப்படுகிறது. குழாய் வாயில்கள் திறந்து மூடப்படுகின்றன. வெறுமையாக விடப்பட்ட குதத்திலோ மழைநீரும் ஈரக்காற்றும் இருபுறமும் துருவை வளர்க்கின்றன, அடித்தட்டு மெலிகிறது, கூரைத் தகடுகள் ஓட்டையாகின்றன, அத்திவாரத்தைச் சுற்றி வேர்கள் நுழைகின்றன. மேல்தொகுதியின் வயது கீழ்த் தொகுதியின் வயதைவிடக் கூடியதன்று. பயன்பாடு நின்றதே வேறுபாடு. பி.வை.-3 வயலில் பாறையடுக்குக்குள் எண்ணெய் பத்திரமாகக் கிடந்தபோதிலும், மேலிருந்த கருவிகளும் கிணற்றுத் தலைகளும் கடலில் காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் மீள்தொடக்கச் செலவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கும் என்பதையும் இதனோடு வைத்து நோக்கலாம்.

செலவின் கூறுகள்

பழைய குதத்தை மீட்கும் செலவை மூன்றாகப் பகுத்தறியலாம். முதலாவது, சோதனை. உருக்குத் தகட்டின் எஞ்சிய தடிப்பு மீயொலிக் கருவியால் புள்ளிபுள்ளியாக அளக்கப்பட வேண்டும். பாவனையிலுள்ள பழைய தாங்கிகளின் சோதனைக்கும் திருத்தத்துக்கும் அமெரிக்க பெற்றோலிய நிறுவகத்தின் 653 ஆம் இலக்கத் தரநிலை உலகெங்கும் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது. இரண்டாவது, திருத்தம். பக்கச் சுவர் நல்ல நிலையிலிருப்பினும் அடித்தட்டை முற்றாக மாற்ற நேரலாம். மேலும், இக்குதங்கள் கப்பல்களின் கொதிகலன்களுக்கான கனமான எண்ணெய்க்கென நிலையான கூரையுடன் கட்டப்பட்டவை. எளிதில் ஆவியாகும் பெற்றோலை அவற்றில் வைக்க வேண்டுமானால், எண்ணெயின் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதக்கும் கூரையை உள்ளே பொருத்த வேண்டும். எந்தக் குதத்தில் எந்த எரிபொருள் என்ற தீர்மானம் இல்லாமல் திருத்தச் செலவைக் கணிப்பது வீண் வேலையாகும்.

மூன்றாவதும் பெரியதுமான கூறு, குதத்துக்கு வெளியே உள்ளது: இறங்குதுறையிலிருந்து மேல்தொகுதி வரையிலான குழாய்கள், பம்பிகள், தீயணைப்பு நீர், மின்சாரம், உள்வீதிகள், கசிவைத் தடுத்து நிறுத்தும் வரம்புச் சுவர்கள். இவை ஒரு குதத்துக்காகவும் போடப்பட வேண்டியவை; அறுபது குதங்களுக்காகவும் போடப்பட வேண்டியவை. முதற் சில குதங்களின் செலவு மிக உயர்ந்தும், அவற்றை அடுத்து வருவனவற்றின் செலவு கணிசமாகத் தாழ்ந்தும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இவை அனைத்தையும்விடப் பெரிய செலவொன்று பொதுவிவாதங்களில் பேசப்படுவதில்லை. அது குதத்துக்குள் நிரப்பப்படும் எண்ணெயின் விலை. ஒரு டன் மசகு எண்ணெய் சுமார் 7.3 பீப்பாய், பீப்பாய் ஒன்று 70 டொலர் எனக் கொண்டால் 12,000 டன் கொண்ட ஒரு குதத்தை நிரப்ப ஏறத்தாழ 6.1 மில்லியன் டொலர் தேவை. 99 குதங்களுக்கும் சுமார் 600 மில்லியன் டொலர். ஒரு குதத்தின் எண்ணெயில் முடங்கும் பணத்துக்கு 8 வீத வட்டி கணக்கிட்டாலே ஆண்டுக்கு 4.9 இலட்சம் டொலர் ஆகிறது. 2003 இல் முழுத் தொகுதிக்கும் பேசப்பட்ட ஆண்டு வாடகையின் ஏறக்குறைய ஐந்து மடங்கு அது. வாடகை மிகக் குறைவு என்று பல ஆண்டுகளாக எழுந்த கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாடகையை ஐந்து மடங்காக்கியிருந்தாலும் மேல்தொகுதி உயிர்பெற்றிருக்குமா என்ற கேள்விக்கு அக்கண்டனத்தில் பதில் இல்லை.

நெருக்கடியும் அதன் பாடமும்

2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய ஆண்டுகளில் இலங்கையின் பெற்றோலியப் பாவனை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மில்லியன் டன். சீனக்குடாவின் 99 குதங்களும் நிரம்பியிருந்தால் நாட்டின் தேவையை ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு அவை தாங்கும். சர்வதேச எரிசக்தி முகவராண்மை தன் உறுப்பு நாடுகளிடம் எதிர்பார்க்கும் இருப்பும் 90 நாள் இறக்குமதிக்குச் சமமானதே. இத்தகைய கொள்ளளவைத் தன் மண்ணில் வைத்துக்கொண்டே இலங்கை 2022 இல் எரிபொருளின்றித் தவித்தது என்பது வேதனையான உண்மை. அவ்வாண்டு யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரம் போன்ற குடியிருப்புகளில் வாழும் மீனவருக்கும் முச்சக்கரவண்டி ஓட்டுநருக்கும் கூலித் தொழிலாளருக்கும், நாட்டின் மிகப் பெரிய எண்ணெய்க் குதத் தொகுதி தம் மாவட்டத்திலேயே நின்றும் பயன்படவில்லை. அவ்வேளையில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் கப்பல்களுக்குச் செலுத்த டொலர் இல்லை. குதம் இருந்திருந்தாலும் நிரப்ப வழியில்லை. எனினும், விலை தாழ்ந்திருந்த 2020 போன்ற ஆண்டுகளில் வாங்கி வைக்கும் வசதி இருந்திருப்பின் நெருக்கடியின் முதல் மாதங்கள் இவ்வளவு கொடுமையாக இருந்திரா. சேமிப்பின் பொருளியல் பயன் இத்தகைய இடைவெளிகளில்தான் வெளிப்படும். வழக்கமான ஆண்டுகளின் வரவு செலவில் அது தெரியாது.

நெருக்கடி உச்சமடைவதற்குச் சற்று முன்னர், 2022 சனவரி 6 இல், குதங்கள் பற்றிய நெடுங்காலப் பிணக்கைத் தீர்க்கும் புதிய உடன்பாடு கைச்சாத்தாகியது. 2017 இல் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் பணிநிறுத்தம் செய்து எதிர்த்த பழைய ஏற்பாட்டுக்கு மாறாக, இப்போது 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. க்கும், எஞ்சிய 61 குதங்கள் திருகோணமலை பெற்றோலிய முனையம் எனும் கூட்டுக் கம்பனிக்கும் ஒதுக்கப்பட்டன. அக்கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி. க்கு 49 வீதமும் உரியன. உரிமைப் பங்கீடு என்ற அளவில் இது முன்னைய எல்லா ஏற்பாடுகளையும்விடத் தெளிவானது. ஆனால் ஒரே குழாய்வழியையும் ஒரே இறங்குதுறையையும் நம்பியிருக்கும் குதங்களை மூன்று கைகளில் பிரித்தமை, மேலே சொன்ன மூன்றாவது செலவுக்கூறைப் பகிர்ந்துகொள்ளும் வழியை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளாவிட்டால், மேலும் சில ஆண்டுக் காத்திருப்பையே தரும்.

2025 ஏப்ரல் 5 இல் கொழும்பில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்ப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இந்தியாவிலிருந்து பெற்றோலியப் பொருட்களைக் கொண்டுவரும் குழாய்வழி பற்றிய திட்டமும் இதனோடு பேசப்பட்டு வருகிறது. அதே ஆண்டு சனவரியில் அம்பாந்தோட்டையில் 3.7 பில்லியன் டொலர் செலவில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கச் சீனாவின் சினோபெக் நிறுவனத்துடன் உடன்பாடு செய்யப்பட்டது. புதிய இடத்தில் புதிதாகக் கட்டுவதும், பழைய இடத்தில் பழையதை மீட்பதும் என்ற இரு தெரிவுகளும் ஒரே நாட்டில் ஒரே வேளையில் எதிரெதிரே வந்து நிற்கின்றன. தெற்கில் எழுவது நிறைவேறினால் அதற்கெனத் தனிக் குதங்களும் அங்கேயே எழும்; சீனக்குடாவின் கொள்ளளவுக்கு இன்றிருக்கும் அருமை அப்போது குறைந்துவிடும். முதிர்ந்த வயலுக்குப் பொருளாதார எல்லை உள்ளதுபோல, மீட்கப்படாத குதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. திருத்தச் செலவு, அதே கொள்ளளவைப் புதிதாகக் கட்டும் செலவுக்குச் சமமாகும் நாளே அது. மேல்தொகுதியின் 85 குதங்களும் அந்நாளை ஒரே வேளையில் எட்டப்போவதில்லை. சிலவற்றின் அடித்தட்டு ஏற்கெனவே அவ்வெல்லையைக் கடந்திருக்கலாம், சில இன்னும் தொலைவில் நிற்கலாம். ஒவ்வொரு குதத்துக்கும் தனித்தனியே தடிப்பு அளவீடு செய்து, இறங்குதுறைக்கு அண்மையிலுள்ள, சுவர் உறுதியான குதங்களிலிருந்து தொடங்கி, பொதுக் குழாய்வழிக்கான செலவைக் குதங்களின் எண்ணிக்கைக்கேற்ப மூன்று உரிமையாளரிடமும் பகிர்ந்து, கனமான கப்பல் எரிபொருளுக்கு முதலிலும் பெற்றோலுக்குப் பின்னருமாக அவற்றைத் திறப்பதே குறைந்த செலவில் விரைவாகக் கொள்ளளவைத் திரும்பப் பெறும் ஒழுங்காக அமையும்.